மேற்பார்வைக்குத் தண்டராயர்

கடலோரம் கொற்றந்துறை என்று ஒரு நாடு. அதை ஒரு காலத்தில் வில்லவராயன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் கடைசியாக யார் காதில் ஓதுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான்.

அவன் நாட்டுக் கப்பல்களைப் பதினோரு தச்சர்கள் கட்டினார்கள். தலைமைத் தச்சன் மாசாணம். ராஜா எந்நேரமும் கப்பல் பேச்சாகவே இருந்தது அரசவைப் பிரபு தண்டராயருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, நேற்று மாசாணம் பகல் முழுக்க ஒரு மரத்தைப் பார்த்தபடி சும்மா நின்றான். கண்காணிக்க ஆள் வேண்டாமா?"

"நீரே கண்காணியும்."

அன்று பிடித்தது சனி. ஓர் ஆணி அடிக்கவும் தண்டராயரின் அனுமதி வேண்டும். தினம் மூன்று தடவை அரண்மனைக்குப் போய், செய்த வேலையை ஒப்பிக்க வேண்டும். நடந்தே பொழுது போனது. இரண்டே மாதத்தில் ஆறு தச்சர்கள் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டார்கள். பாதி எழும்பிய கப்பலை விட்டுப் போக மனம் வராமல் மாசாணம் பொறுத்துப் பார்த்தான். உளி பிடிக்கும் விதத்தையே தண்டராயர் குறை சொன்ன அன்று மனசு விட்டுப்போயிற்று. விடைபெற அரசவைக்கு வந்தான்.

ராஜாவுக்குக் கோபம். "கோட்டைக் கதவை மூடுங்கள். இனி ஒரு தச்சனும் வெளியே போகக்கூடாது."

மந்திரி ஆதிநாதர் எழுந்தார். "கதவை மூடினால் ஆள் இருப்பான், மகாராஜா. வேலை இருக்குமா? நம் ஆட்களை இழுத்துக்கொண்ட பக்கத்து ராஜாவைப் பழிவாங்க வேறு வழி இருக்கிறது. படை வேண்டாம். ஒருவரை அனுப்பினால் போதும்."

"யாரை?"

"தண்டராயரை. அவர்கள் கப்பல் பட்டறைக்கு மேற்பார்வையாளராகப் பரிசளித்துவிடுவோம். இரண்டு மாதத்தில் நம் ஆறு பேரோடு அவர்களுடைய தச்சர்களும் இங்கே வந்து நிற்பார்கள்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மாசாணத்தைப் பார்த்தான்.

"அன்று ஏனப்பா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்?"

"உள்ளே வெடிப்பு இருக்குமோ என்று சந்தேகம், மகாராஜா. வெயில் சாயச் சாயத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. அதை வைத்துக் கட்டியிருந்தால் நடுக்கடலில் இருநூறு பேர் போயிருப்பார்கள்."

இதுவரை அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது.

ராஜா திரும்பினான். "தண்டராயரே, ஒரு மாதம் பட்டறையில் மரம் சுமந்து போடும். உட்காருவதானாலும் மாசாணத்தைக் கேட்டுவிட்டு உட்காரும்." தண்டராயர் தலையைத் தொங்கப்போட்டார். மந்திரியின் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை விழுந்தது.

"மாசாணம், உனக்கு என்ன வேண்டும்?"

"வேலையை எங்களிடம் விடுங்கள். தப்பு வந்தால் நேரே என்னைக் கேளுங்கள்."

சேதி கேட்டு ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். கப்பல் தண்ணீரில் இறங்கிய அன்று ராஜா கரைக்கே வந்து, பதினோரு பேரையும் பெயர் சொல்லி அழைத்துக் கும்பிட்டான். "என் ஜனம் பத்திரமாகக் கரைசேருவது உங்களால்தான்."

இருபது வருஷமாக 'எப்போது முடியும்' என்ற கேள்வி மட்டுமே மாசாணத்தின் காதில் விழுந்திருந்தது. அவன் கூட்டத்தின் கடைசியில் நின்ற மந்திரியைத் தேடிப் போய், அவர் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.