சொல்லாத குழி

சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரையில் தினமும் விடிகிற நேரத்தில் பன்னிரண்டு பேர் ஓடுவார்கள். அவர்களை ஓடப் பழக்கியவர் ஞானமுத்து ஆசான். கரை குறுகல். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் "குழி" என்று குரல் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாக அதுதான் வழக்கம்.

ஒரு நாள் முன்னால் ஓடியவர் பூதலிங்கம். ஆசானைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்குப் பின்னால் சுயம்பு. கரை உடைந்திருந்த இடத்தில் சுயம்பு விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. இனி ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பூதலிங்கம் ஆசான் வீட்டுக்கு வந்தார்.

"ஆசானே, குழியை நான் பார்த்தேன்."

"பார்த்து?"

"தாண்டினேன். வாயைத் திறக்கவில்லை."

"ஏன்?"

"என் மகளுக்கு வந்த வரனைக் கலைத்தவன் அவன். பெண்ணுக்கு வலிப்பு உண்டென்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னான். பதினோரு வருஷமாயிற்று. அவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்."

"பொய்யா சொன்னான்?"

"சின்ன வயசில் வந்தது. ஒரே தடவை."

பூதலிங்கமே தொடர்ந்தார்.

"அவனைப் பார்க்கப் போனேன். வருகிறவர்களிடமெல்லாம், 'பூதலிங்கம் கண்ணில் பட்டிருந்தால் சொல்லியிருப்பார்' என்கிறான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இனி நான் உங்களோடு ஓடலாமா? அதை மட்டும் சொல்லும்."

"நாளைக்கு வாரும்."

மறுநாள் ஆசான் அவரை முன்னால் நிறுத்தினார். துண்டால் தன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் நின்றார்.

"ஆசானுக்குக் கண்ணாமூச்சி ஆடத் தோணிட்டு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பூதலிங்கம் பள்ளத்துக்குக் குரல் கொடுத்தார். கல்லுக்குக் கொடுத்தார். வேருக்கும் சேற்றுக்கும் கொடுத்தார். போகப் போகக் குரல் உடைந்தது. பின்னால் சிரிப்பு நின்றது. சுயம்பு விழுந்த இடம் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, ஆசானின் கையைப் பிடித்துத் தாண்டவைத்தார்.

மதகடியில் ஆசான் கண்கட்டை அவிழ்த்தார்.

"எல்லாம் சொன்ன பிறகும் என்னை நம்பி வந்தீரே, ஆசானே" என்றார் பூதலிங்கம்.

"நம்பவில்லை. ஒவ்வொரு அடியும் பயந்துதான் வைத்தேன். உம்மை நம்பி வந்தவன் கட்டிலில் கிடக்கிறான்."