சக்கரமில்லாத பொள்ளாச்சி பஸ்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மீசையை நீங்களே சிரைத்துவிடலாம்!

பொள்ளாச்சியில் கேம் சென்டர் நடத்தும் தணிகாசலத்திடம் அஞ்சுகம் வேலை பார்த்தாள். கம்ப்யூட்டர் பஸ் விளையாட்டுக்குள் நம்ம ஊர் டவுன்பஸ்ஸை ஓடவைக்கிற 'மோட்' என்ற ஒட்டு ப்ரோகிராம் ஒன்றை ஆறு மாதம் உட்கார்ந்து செய்தாள். முதலாளி அதைத் தன் பெயரில் ஒரு மோட் போட்டிக்கு அனுப்பிவிட்டார்.

போட்டியன்று காலைதான் அந்த விளையாட்டுக்குப் புது வெர்ஷன் வந்திருந்தது. மேடைத் திரையில் பஸ் சக்கரமில்லாமல் மிதந்தது. பயணிகளெல்லாம் கூரைமேல் உட்கார்ந்தபடி ஆழியாறு அணையைத் தாண்டிப் பறந்தார்கள்!

"அஞ்சுகம்! அஞ்சு நிமிசத்துல சரிபண்ணு. இல்லீனா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"பண்ணீரலாமுங்க மொதலாளி. எந்த வெர்ஷனுக்குன்னு இதைச் செஞ்சீங்க? அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க."

தணிகாசலம் விழித்தார். "எல்லா வெர்ஷனுக்கும்தான் செஞ்சேன்!"

"அப்புறம் ஏனுங்க பறக்குது?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாம்மா?"

"ஒண்ணு புள்ளி நாலுக்குச் செஞ்சேனுங்க. புது வெர்ஷன் சக்கரத்தை வேற ஃபோல்டர்ல தேடுது."

"அப்போ மாத்திடும்மா!" என்றார் நடுவர்.

அஞ்சுகம் கையைக் கட்டிக்கொண்டாள். "மொதல்ல நீங்க பேரை மாத்துங்க. அப்புறம் நான் சக்கரத்தை மாத்துறேன்."

நடுவர் பேனாவை எடுத்துப் பட்டியலில் முதலாளி பெயரை அடித்து அவள் பெயரை எழுதினார். அதற்குப் பிறகுதான் பஸ் தரையில் இறங்கியது.

யார் சொன்னதென்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். தணிகாசலம் கடையில் நான் இன்னும் ஓசியில்தான் விளையாடுகிறேன்.