அச்சின் சூடு

“பிளாஸ்டிக்குப் போயி சூடு தாங்குமுங்களா, அம்மணி?” என்று கேட்டார் ஆறுக்குட்டி.

முப்பது வருஷம் பித்தளை வார்த்தவர். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில், கோவை கணபதியில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புக் கம்பெனிக்குத் தொழில் கற்க வந்திருந்தார். கற்றுக்கொடுப்பவள் ஜெஸிந்தா. அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

“திரும்பி நில்லுங்கண்ணா” என்றாள்.

நின்றார். முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஏதோ கணீரென்று விழுந்தது.

“என்ன விழுந்துச்சு?”

“பித்தளைங்க.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“முப்பது வருஷக் காதுங்க.”

திரும்பிப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம் கிடந்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர்.

எடுத்துச் சுண்டிப் பார்த்தார். அவள் லைட்டரைப் பற்றவைத்து அதன் ஓரத்தில் பிடித்தாள். லைட்டரை விலக்கியதும் தீ அணைந்துவிட்டது. நெடி மட்டும் நின்றது.

“கந்தக வாசம் அடிக்குதுங்களே.”

“அதோட உடம்பிலேயே கந்தகம் இருக்குங்கண்ணா. உள்ளுக்குள்ள மாலை மாதிரி கோத்திருக்கும், அதுல ஒண்ணுவிட்டு ஒண்ணு கந்தகந்தான்.”

“கந்தகம் பத்திக்குமே?”

“தனியா இருந்தாப் பத்திக்கும்.”

அந்தச் சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். காலையில் குளியலறை கழுவும் ஆசிட்டில் முக்கினார். துடைத்தபோது முன்பு இருந்த மாதிரியே இருந்தது.

“பித்தளையே இதுல கறுத்துரும், பாத்துக்க” என்றார் மனைவியிடம், தானே பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு மாதம் கழித்து மெஷினை அவர் பொறுப்பில் விட்டார்கள். ஒரு சாயப் பட்டறைக்கு, கொதிக்கிற எண்ணெயைச் சுற்றவிடும் பம்புகளுக்காக நாற்பது சக்கரம். சனிக்கிழமை கெடு. சரியாக வந்தால் வேலை நிரந்தரம்.

வியாழக்கிழமையே முடித்துவிட்டார்.

“அளந்து பாருங்கம்மணி. மயிரிழை பிசகாது.”

அளந்தாள். பிசகவில்லை.

“அச்சுச் சூடு எத்தனை வெச்சீங்கண்ணா?”

அவர் கூடையிலிருந்த சக்கரங்களை நேராக்கி வைத்தார்.

“எழுவதுங்க.”

“நூத்தி நாப்பதுன்னு சொன்னேனே.”

“அதுல இறுக நேரமாகுதுங்க. இதுல சட்டுனு வந்துருது. பீஸ் நல்லாத்தானே இருக்குது?”

அவருடைய சக்கரம் ஒன்றையும், முன்பு தான் வார்த்த சக்கரம் ஒன்றையும் மின்சார அடுப்புக்குள் வைத்தாள். இருநூறு டிகிரி, அந்த எண்ணெயின் சூடு.

“வாங்க, டீ குடிக்கலாம்.”

இரண்டு மணி நேரம் கழித்து அடுப்பைத் திறந்தாள். அவளுடையது வைத்தபடியே இருந்தது. அவருடையதில் இறக்கைகள் கோணிக்கொண்டிருந்தன. அதை ஒரு பம்புக்குள் பொருத்திச் சுற்றினாள். சுவரில் உரசி நின்றது.

ஆறுக்குட்டி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“இதென்னங்க இப்பிடி?”

“அச்சுல சூடு இருந்தா, உள்ள இருக்குற மாலையெல்லாம் அங்கயே நிதானமா அடுக்கிக்கும். இல்லாட்டி அரைகுறையா இறுகிட்டு, மிச்சத்தைப் போற எடத்துல சூடு பட்டதும் அடுக்கும், அப்பக் கோணிரும்.”

கூடையில் இன்னும் முப்பத்தொன்பது கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் குறை தெரியவில்லை.

“சரக்கு வாங்க வர்றவரு அளவை மட்டுந்தானுங்களே பாப்பாரு?” என்றார் மெதுவாக.

“ஆமாங்கண்ணா. அவரு அளவை மட்டுந்தான் பாப்பாரு.”

ஜெஸிந்தா கோணிய சக்கரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“அப்புறம் எண்ணெய் பாக்கும்.”