வடக்கு பார்த்த பேனல்

விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. மருந்து பாதி ஏறும்போதே மூச்சு மெஷின் நின்றது.

படுத்தால் பாவாயிக்கு மூச்சு அடைத்தது. வெளிச்சம் வரும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் அடிவாரத்திலிருந்து அவள் தம்பி போனில் கத்தினான்.

"இன்னொரு தடவை நின்னுச்சுன்னா சொல்ல மாட்டேன். ஜீப்பை எடுத்துட்டு வந்துருவேன். உன்னைத் தூக்கிப் போட்டுக்கிட்டுத்தான் இறங்குவேன். கரண்டு கம்பமே இல்லாத மலையில உனக்கென்ன சாமி வேண்டிக் கெடக்குது?"

பாவாயி போனை வைத்தாள். பேச மூச்சில்லை. இருந்த மூச்சில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விறகுச் சாமியின் சமாதியைப் பெருக்கப் போனாள். கல்யாணம் வேண்டாமென்று மலையேறி வந்த நாளிலிருந்து அந்த இடத்தை வேறு யாரும் பெருக்கியதில்லை. அவளுக்கு வீடு என்று இருப்பது அதுதான்.

செங்கோடன் மொட்டை மாடிக்கு ஏறினார்.

மடத்துக்கு சோலார் பேனல் வைத்தது அவர்தான். ராசிபுரத்தில் மாவு மில் நடத்தியவர். மில்லை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். போல்ட்டும் ஸ்பேனரும் கைப்பழக்கம். பேனலைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் பார்த்தார். வயரை இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரி. சார்ஜ் மட்டும் ஏறவில்லை.

பேனல் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. மடத்துக்கு வடக்கே சமாதி. சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பது மடத்து வழக்கம். சாப்பிடுவது வடக்கு பார்த்து. தூங்கி எழுவது வடக்கு பார்த்து. குளியலறைக் கதவுகூட வடக்கு பார்த்து. கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பின்பக்கமாகவே நடந்து வர வேண்டும். வந்த புதிதில் செங்கோடன் தண்ணீர்த் தொட்டியில் விழப் பார்த்தார்.

ஆனி மாதம் பேனல் வாங்கும்போது கடைக்காரன் தெற்கே பார்த்து வைக்கச் சொன்னான். "எங்க மடத்து விஷயம் உனக்குத் தெரியாது" என்று அவன் வாயை அடைத்துவிட்டு வந்தார். வடக்கே சாய்த்து வைத்தார். ஆனி வெயில் உச்சியைத் தாண்டி வடக்கே சரிந்து நின்ற காலம். மத்தியானத்துக்கெல்லாம் பேட்டரி நிறைந்துவிடும். "பாத்தீங்களா, சாமி பார்வை!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

இப்போது மார்கழி. வெயில் தெற்கே போய்விட்டது. பேனல் அங்கேயே இருந்தது.

கீழே அம்மா ராகி கழுவிக்கொண்டிருந்தார். விறகுச் சாமிக்குப் பிறகு மடத்துக்கு அவர்தான் குரு. செங்கோடனைவிட வயதில் இளையவர். அதை இரண்டு பேருமே சட்டை செய்ததில்லை.

"சார்ஜ் ஏறலீங்கம்மா."

"ஏன்?"

"பேனல்ல வெயில் சரியா விழலீங்க."

"வெயில் எங்கே?"

"தெக்கால இருக்குதுங்க."

"பேனல்?"

"வடக்கால பாக்குதுங்க."

"இது எங்கிட்ட வந்து கேக்கற சங்கதியா?"

"திருப்பினா சாமிக்கு முதுகு காட்டுமேங்கம்மா."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஈர ராகியைச் சாக்கில் கொட்டிச் சுருட்டினார்.

"தூக்கு."

தூக்கினார். அம்மா சமாதியைச் சுற்றிக்கொண்டு வடபுறம் போனார். விறகுச் சாமி வடக்கு நோக்கி உட்கார்ந்து அடங்கியவர். அவருக்கு நேர் முன்னால் சாக்கை விரிக்கச் சொல்லி ராகியைப் பரப்பினார். சமாதிக் கட்டடத்தின் நிழல் அந்த இடத்தில் கறுத்துக் கிடந்தது.

"சாயங்காலத்துக்குள்ள காயணும். பாத்துக்க."

"அம்மா, இங்கே வெயிலு..."

"பாத்துக்கன்னேன்."

போய்விட்டார்.

செங்கோடன் காவல் உட்கார்ந்தார். ராகியைக் கிளறினார். கை ஈரமானது. வெயில் மேலே ஏறியது. நிழல் கொஞ்சம் சுருங்கியது, விலகவில்லை. மறுபடி கிளறினார். ஆயுசெல்லாம் மாவு அரைத்த மனிதர். ஈர தானியத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது. எழுந்தார். சாக்கின் நுனியைப் பிடித்தார். தரதரவென்று இழுத்துக்கொண்டு சமாதியின் தென்புறம் போய், பளிச்சென்ற வெயிலில் விரித்தார். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

அம்மா வந்தார்.

"யாரைக் கேட்டு நகர்த்தினே?"

"ஈர ராகிங்க. அங்கேயே கெடந்தா முளை விட்டுரும்."

"சாமி முன்னால வெச்சிருந்தேன்."

"நெழலுங்கம்மா அது."

"இப்ப எங்கே இருக்குது?"

"இப்பங்க..." செங்கோடன் சமாதியைப் பார்த்தார். "முதுகுப் பக்கம்."

"சாமி ஏதாச்சும் சொன்னாரா?"

செங்கோடன் குனிந்து ராகியை ஒருமுறை கிளறினார். ஆனால் விடுகிற ஆளில்லை.

"ராகி வேற, பேனல் வேறங்க. ராகிக்கு மூஞ்சி கெடையாது. பேனலுக்கு இருக்குதுங்களே. கண்ணாடியா மினுமினுன்னு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சாமிகூடக் காட்டுக்குப் போவோம். அவர் முன்னால, நாங்க பின்னால. மார்கழியில அவர் முதுகுல எந்நேரமும் விறகுச் சுமை இருக்கும். இந்த மலையில எத்தனை குடிசையோ, அத்தனை வாசல்லயும் ஆளுக்கு ஒரு கட்டு போடுவாரு. கும்பிடறதுக்குள்ள திரும்பிப் போயிருப்பாரு."

"ஆமாங்க, சொல்லக் கேட்டிருக்கேன்."

"அவர் மூஞ்சி எனக்குச் சரியா ஞாபகம் இல்லே. முதுகுதான் ஞாபகம்."

மடத்துக்குள்ளிருந்து பாவாயி இருமுவது கேட்டது. இருமல் அறுந்து அறுந்து வந்தது.

பாவாயியின் விளக்குமாறு சமாதிச் சுவரில் சாய்ந்திருந்தது. அம்மா அதிலிருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை உருவினார். ஒடித்து அடித்துண்டைச் செங்கோடன் கையில் கொடுத்தார்.

"பேனல் கண்ணாடிக்கு இதை நெட்டுக்குத்தா நிறுத்து. உச்சி வேளையில நெழல் விழக் கூடாது. அதான் சரியான சாய்மானம்."

"சித்திரையில வெயில் மறுபடி மேல வந்துருங்களே?"

"அப்ப மறுபடி ஏறு. காலு இருக்குதில்லே?"

செங்கோடன் ஏறினார். வடக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. ஒன்று மறுத்தது. எண்ணெய் விட்டார். திட்டினார். ஸ்பேனர் வழுக்கி விரலைப் பிய்த்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். போல்ட் கழன்றது.

ஸ்டாண்டோடு பேனலைச் சுற்றித் தெற்கே திருப்பினார். உச்சி வேளைக்குக் காத்திருந்து கண்ணாடிமேல் ஈர்க்கை நிறுத்தினார். நிழல் நீளமாக விழுந்தது. பின்னங்கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்தார். நிழல் பாதியானது. இன்னும் செங்கல் கொடுத்தார். நிழல் நகத்தளவு நின்றது. ஓட்டுச் சில்லைத் தேடி எடுத்துச் செருகினார். ஈர்க்கின் அடியில் நிழலே இல்லை.

காற்று தூக்கிவிடாதபடி கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

அரை நாள் வெயில்தான் மிச்சம். அன்று பொழுது சாய்ந்ததும் மடத்தில் ஒரு பல்பைக்கூட யாரையும் போட அவர் விடவில்லை. "இருட்டுல சோறு வாய்க்குப் போகாம மூக்குக்கா போகும்?" என்றார். இருந்த கரண்டு முழுதும் பாவாயியின் மெஷினுக்கு.

விடியும்வரை மெஷின் நிற்கவில்லை.

காலையில் சொல்லிக்கொள்ளாமலே தம்பியின் ஜீப் வந்து நின்றது. அவன் இறங்கும்போதே பாவாயியின் சத்தம் கேட்டது. விளக்குமாறும் கையுமாக நடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் விளக்குமாத்துல ஈர்க்கு உருவுனது யாரு? மாடியில பேனலைத் திருப்பி வெச்சது யாரு? வழக்கம் தெரியாதா? இத்தனை வருஷம் சாமிக்கு ஒரு ஈ எறும்பு முதுகு காட்டியிருக்குமா இந்த மடத்துல? கேக்க ஆளில்லேன்னு நெனச்சீங்களா?"

அவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டாள்.

தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தலையைச் சொறிந்தான். ஜீப்பில் ஏறித் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதைப் பாவாயி கவனிக்கவே இல்லை.

"யாருன்னு கேக்கறேன்! செங்கோடண்ணா, உங்களத்தான்!"

செங்கோடன் துணி சுற்றிய விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தார்.

அம்மா காய்ந்த ராகியை அள்ளிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"விறகுச் சாமி."