யார் பெயர் முதலில்?

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குள் தொழில் காப்பகம் என்று ஒரு கட்டடம் உண்டு. பல்கலைக்கழகம், ஆலைக்காரர்கள், நகராட்சி மூன்றும் கைகோத்துப் புதுத் தொழில்களை வளர்க்கும் என்று வாசலில் பெரிய பலகை. கைகோப்பதெல்லாம் அந்தப் பலகையில் மட்டும்தான்.

அங்கே ஓர் அறையில் பாக்குமட்டைத் தட்டு செய்பவள் ஜெசிந்தா. ஒரு நாள் காப்பகத்தின் மேலாளர் பத்மநாபன் வந்து நின்றார்.

"துணைவேந்தர், ஆலை முதலாளி, நகராட்சித் தலைவர் மூணு பேரும் ஒரே மேடைக்கு வந்து உன் திட்டத்துல கையெழுத்துப் போடணும்மா. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடு."

அவராலேயே முடியாத காரியம் அது. அழைப்பிதழில் தன் பெயர் முதலில் இல்லையென்றால் மூவரில் ஒருவரும் வீட்டுப் படி இறங்க மாட்டார்கள்.

ஜெசிந்தா என்ன செய்தாள்? அழைப்பிதழைத் தன் வட்டத் தட்டிலேயே அச்சடித்தாள். விளிம்பைச் சுற்றி மூன்று பெயர்கள், ஒரே அளவு எழுத்தில். அவரவர் தட்டைச் சுழற்றித் தன் பெயரை மேலே வைத்துக்கொள்ளலாம்.

மூவரும் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகத் தட்டைப் பிடித்துப் போட்டோவுக்குச் சிரித்தார்கள். கையெழுத்தும் போட்டார்கள். அறை தப்பியது.

பத்மநாபன் மட்டும் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என் பேர் எங்கேம்மா?"

"அடியில சார். இவங்க எல்லாரையும் தாங்குறது நீங்கதானே?"

மனிதர் குளிர்ந்துபோனார். இப்போது அவர் அறைச் சுவரில் அந்தத் தட்டு கவிழ்ந்து தொங்குகிறது. மற்ற மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.