கோயில் மணியும் கனகவல்லியின் கேள்வியும்

மேலக்குறிச்சி ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஆளவந்தாருக்கு விசாரணையில் ஒரே வழிதான் தெரியும். அதட்டுவார், மசியாவிட்டால் லத்தியை எடுப்பார். கோயில் மணியைத் திருடியதாகப் பிடித்து வந்த இரண்டு பேரிடமும் அது பலிக்கவில்லை. கொல்லன் சொக்கன் சிரித்தான். ஊர் ஊராக வாத்து மேய்க்கும் இருளப்பன், எவ்வளவு அடி வாங்கியும் பதில் சொல்லவில்லை.

"சாயங்காலம் டி.எஸ்.பி. வர்றார். எங்கே, நீ கேட்டுச் சொல்லு பார்ப்போம்!" என்று புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள் கனகவல்லியிடம் ஏளனமாகச் சொன்னார் ஆளவந்தார்.

அவள் சொக்கன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உங்களைப் போய்ச் சந்தேகப்படுறாங்களே அண்ணே! அவ்வளவு பெரிய மணியைச் சத்தமில்லாம இறக்க உங்களால முடியுமா? எவனோ பலே கைகாரன்!"

சொக்கனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் முடியாது? மணியோட நாக்குல சாக்கைச் சுத்தி நான்தானே இறக்கினேன்!" சொன்ன பிறகுதான் தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்து இருளப்பனைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. முன்னால் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கையால் கேட்டாள். உடனே தலையாட்டினார்.

"சார், இவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது போல. நீங்க கேட்டது எதுவும் இவருக்குத் தெரியாது."

வாசலில் வந்து நின்ற டி.எஸ்.பி.யின் காதிலும் அது விழுந்தது. ஆளவந்தார் தலைகுனிந்தார். கனகவல்லிக்குப் பாராட்டு கிடைத்தது. அவளுக்கு அது இனிக்கவில்லை. முந்தின நாள் அடிச்சத்தம் கேட்டும் பக்கத்து அறையில் சும்மா இருந்தவள் அவள்.

விடுதலையான இருளப்பன், வீங்கிய கையை அவளிடம் காட்டி, எதற்கு என்று சைகையால் கேட்டார்.