நுங்காய் ஆடிய ஜன்னல்

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூற்பு மில். அங்கே மேனேஜர் குருநாத ராஜாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டதிலிருந்து ஒரே கூத்து. திரையில் எந்த ஜன்னலை நகர்த்தினாலும் நுங்கு மாதிரி தளதளவென்று ஆடியது. மூடினால் தீப்பிடித்து எரிவதுபோல் மறைந்தது. ராஜாவுக்குத் தலை சுற்றியது.

இந்த அலங்காரங்களை ஆட்டிவைக்கும் ஃபைலைத் தேடிப்பிடித்து, எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்று அவரே திருத்தினார். ஆட்டம் நிற்கவில்லை. மறுபடி திருத்தினார். மறுபடி ஆடியது. பழி, அதே கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கும் டைப்பிஸ்ட் முனீஸ்வரி மேல் விழுந்தது.

"நான் திருத்தத் திருத்த நீ மாத்தி வைக்கிறே. சாயங்காலத்துக்குள்ள ஆட்டம் நிக்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

முனீஸ்வரி அந்த ஃபைலைக் கண்ணால் பார்த்தவள்கூட இல்லை. "என் முன்னாலயே திருத்துங்க சார். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

ராஜா, கம்ப்யூட்டரில் சர்வ அதிகாரமும் உள்ள 'ரூட்' என்ற பெயரில் நுழைந்து ஃபைலைத் திறந்தார். "பாரு, எல்லாம் வேண்டாம்னுதான் இருக்கு."

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்துங்க சார்."

நகர்த்தினார். ஆடவில்லை. திகைத்துப்போய்த் தன் பெயரில் திரும்ப வந்து நகர்த்தினார். நுங்கு.

"எப்பவும் அந்த ரூட் பேர்லதான் திருத்துவீங்களா சார்?"

"பின்னே? மேனேஜர் சாதாரணப் பேர்லயா திருத்துவான்?"

"அப்போ ஒவ்வொரு பேருக்கும் தனித்தனி ஃபைல் இருக்கும்போல சார். இவ்வளவு நாளா பக்கத்து வீட்டுக்கே வெள்ளையடிச்சிருக்கீங்க. உங்க வீட்டுச் சாவியைக் குடுங்க, நான் அடிக்கிறேன்."